களவிற் படித்த கதைகள்

மக்கள் நுகரும் இன்பங்கள் இருவகைப்படும். பிறர் காண நுகர்வன ஒருவகை. பிறர் காணாவாறு நுகர்வன மற்றொரு வகை. முன்னையவற்றைப் பாடுவோரும் பாராட்டுவோரும் பலர். பின்னையவற்றுள் பெருந்தீமைகளாவன உளவேல், அவற்றைக் கடிந்துரைக்கச் சான்றோர் உளர். ஒறுத்தற்குச் சட்டமும் உளது. ஆயின், பெருந்தீமையும் ஆகாமல், சொல்லிப் பெருமை கொள்ளத் தக்கதும் ஆகாமல், இடைநிலையில் நிற்கும் சிறு வேட்கைகள் சில உண்டு. அவற்றை நாம் நாடோறும் நுகர்கின்றோம். நுகர்ந்தபின் சற்றே நாணுகின்றோம். மறுநாள் மீண்டும் அவற்றையே நாடுகின்றோம். மனத்தின் ஒரு மூலையில் ஒளிந்து வாழும் இச்சிறு வேட்கைகளைப் பற்றி எழுதுவார் மிகச் சிலர். அவற்றைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுந்தேம். பிறர் குற்றத்தை எடுத்துக்காட்டுதல் எம் கருத்தன்று. எம் குற்றத்தை முதற்கண் கூறி, அதனின்று யாம் கற்ற பாடம் ஒன்றை அன்பர்கள்முன் வைத்தலே எம் நோக்கம்.

யாம் அம்பத்தூரில் வாழ்கின்றேம். நாடோறும் காலையில் ஆவடிப் பக்கமிருந்து வரும் மின்சார வண்டியில் ஏறி, பட்டரைவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் முதலிய நிலையங்களைக் கடந்து சென்னை சென்ட்ரலை அடைவது எம் வழக்கம். 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று, தென்னாட்டின் முதற் புகைவண்டி இராயபுரத்தினின்று வாலாஜாவை நோக்கி ஓடியதும் இவ்வழியேயாம். அத்துணைப் பழமை வாய்ந்த தடத்திற் செல்லும் வண்டியின் ஒரு மூலையில், தோளிற் பையும் கையிற் புத்தகமுமாக யாம் நின்று படித்து வருதலை உடன் வருவோர் பலர் கண்டிருப்பர். அப்புத்தகம் பழுப்புத் தாளால் அட்டையிடப் பெற்றது. அதன்மேல், 'களவியற் குறிப்புகள்' என்று எம் கையால் எழுதியிருந்தேம். ஒருநாள் முதியவர் ஒருவர் அதனைக் கண்டு, இக்காலத்தும் தொல்காப்பியம் கற்கும் பிள்ளைகள் உளரே என்று மகிழ்ந்து, சற்று ஒதுங்கித் தம் இருக்கையில் எமக்கு இடம் தந்தார். யாமும் நன்றி கூறி அமர்ந்தேம். அட்டைக்குள் இருந்தது தொல்காப்பியம் அன்று. இராஜேஷ்குமார் எழுதிய துப்பறியும் நாவல். அன்று பெரம்பூர் வருவதற்குள் இரண்டு கொலைகள் நிகழ்ந்துவிட்டன.

இவ்வேட்கை எம்மைப் பற்றிப் பதினாறு திங்கள் ஆகின்றன. கடைத்தெருவில், நடைபாதையிற் பரப்பி விற்கும் பழைய புத்தகக் குவியலில், முதலில் ஒன்று வாங்கினேம். படித்து நகைப்பதற்கென்றே வாங்கினேம். நகைப்பதற்கு நேரம் வாய்க்கவில்லை; கதை எம்மை ஈர்த்துச் சென்றது. அன்று தொட்டு வாரந்தோறும் இரண்டு, தேர்வு நெருங்கும் வாரங்களில் மூன்று என்று அக்கணக்கு வளர்ந்தது. துப்பறியும் கதைகள் தீர்ந்தபோது ரமணிசந்திரன் எழுதிய குடும்பக் கதைகளையும் நாடினேம். எம் மேசைமேல் சங்க நூல்கள் இருக்கும். மேசையின் இழுப்பறையில் இவை இருக்கும். யாரேனும் அறைக்குள் வரின் இழுப்பறை மூடப்படும். இங்ஙனம் யாம் ஒரு கள்வரைப் போலவே எம் அறையில் வாழ்ந்தேம்.

களவு வெளிப்படாமல் இராது என்பதை அகப்பொருள் கற்றோர் அறிவர். ஒரு மாலையில் எம் புத்தகத்தின் பழுப்பு அட்டை கிழிந்தது. உள்ளிருந்த வண்ணப் படம் வெளிப்பட்டது. ஆவடியினின்று வரும் நண்பர் அதனைக் கண்டு பெருநகை நகைத்தார். மறுநாள் வகுப்பு முழுதும் அலர் எழுந்தது. நாணத்தாற் குன்றி நின்ற எம்மைத் தேற்றுதற் பொருட்டோ, தம் நெஞ்சின் சுமையை இறக்குதற் பொருட்டோ அறியேம். அந்நண்பரே தம் களவையும் கூறத் தொடங்கினார். 1961-ஆம் ஆண்டில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிற் பணிபுரிபவர் அவர் தந்தையார், திருச்சபையில் மூப்பர், லெந்து நாட்கள் நாற்பதும் வீட்டில் புலால் சமைக்க விடாதவர். மகனாரோ அந்நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் கடையிற் பிரியாணி உண்டு, வாயைப் பன்முறை கொப்புளித்து, ஏலக்காய் மென்று வீடு திரும்புவாராம்.

அவரைத் தொடர்ந்து ஏனையோரும் வாய் திறந்தனர். புகைவண்டி நிலையம் இல்லாத பூந்தமல்லியினின்று பேருந்தில் வரும் நண்பர் ஒருவர், தொலைக்காட்சித் தொடர்களை வகுப்பில் வன்மையாக இகழ்பவர். அவர் இரவு ஒன்பதரை மணிக்குத் தண்ணீர் குடிக்க வருவார்போல் வந்து, தம் அன்னையார் பக்கத்தில் நின்றவாறே தொடர் முழுதையும் பார்த்துவிடுவாராம். திருமுல்லைவாயிலினின்று வரும் தோழியார் ஆலயப் பாடகர் குழுவில் இனிய குரலுடையவர் எனப் பெயர் பெற்றவர். வீட்டில் தனித்திருக்கும்போது அவர் பாடுவன குத்துப்பாட்டுகளாம். அனைவரும் நகைத்தோம். நகைத்து ஓய்ந்தபின் எமக்கு ஓர் ஐயம் பிறந்தது. இவற்றுள் ஒன்றேனும் ஒளித்தற்குரிய தீமையோ? அன்றெனின், இவற்றை நாம் ஒளித்தது எதன்பொருட்டு?

இவ்வையத்தை முன்னோர் எவ்வாறு நோக்கினர் எனச் சிறிது ஆராய்வோம். நான்காம் நூற்றாண்டிற் பிறந்த தூய அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு ஒரு நூல் எழுதினார். அதன்கண், பதினாறாம் வயதில் தோழரோடு கூடிப் பிறர் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியதைக் கூறுகின்றார். அவற்றினும் நல்ல காய்கள் தம்மிடத்தே இருந்தன. திருடியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். சுவைத்தது கனியை அன்று, களவையே என்பது அவர் துயரம். அந்நூலிலேயே, இளமையில் வர்ஜிலின் காப்பியத்தைப் படித்துத் தீதோ என்னும் அரசியின் சாவுக்காக அழுததையும் குற்றமாக எண்ணி வருந்துகின்றார். இன்னும் ஒன்று: இல்லத்தில் அமர்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதைக் கண்டால் மனம் அதிலேயே சென்று நின்றுவிடுகின்றதென்றும் கூறுகின்றார். பேரறிவாளராகிய அவர் மூன்றையும் ஒரே அறிக்கையில் வைத்தார். ஆயினும், மூன்றும் ஒன்றல்ல என்று எமக்குத் தோன்றுகின்றது. முதலாவதனால் பிறர்க்கு இழப்பு உண்டு. இரண்டாவதனால் எவர்க்கும் இழப்பு இல்லை. மூன்றாவது மனத்தைச் சிறைப்படுத்துவது. இவ்வேறுபாட்டை அன்பர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

ஜான் பனியன் என்னும் ஆங்கில நாட்டுப் பெரியாரின் செய்தி இதனினும் விந்தையானது. அவர் எழுதிய பரதேசியின் பயண நூலைத் தழுவியே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார் என்பது தமிழ் கற்பார் அறிந்ததே. அப்பனியனார் 1666-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், இளமையில் தம்மூர்க் கோவில் மணியை அடிப்பதில் தமக்கிருந்த பெருவிருப்பைக் கூறுகின்றார். அது வீண் களியாட்டு என்று அவர் மனச்சான்று கூற, மணியடித்தலை விட்டொழித்தார். எனினும், பிறர் அடிப்பதைக் காணச் செல்வார். மணி அறுந்து தம்மேல் விழுமோ என அஞ்சித் தூலத்தின் கீழ் நிற்பார். அது சுவரில் மோதித் தம்மேல் திரும்பி விழுமோ என அஞ்சி வாயிலுக்குச் செல்வார். கோபுரமே சாயுமோ என நடுங்கி முடிவில் ஓடிவிடுவார். மணியின் ஓசை எவர்க்கும் தீங்கு செய்ததன்று. தீங்கற்றதற்கு நடுங்கும் நெஞ்சம் எத்துணைத் துன்புறும் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று இல்லை.

இனி, நம் நூல்கள் கூறுவதைக் காண்போம். இறையனார் களவியலுக்கு அமைந்த உரை, களவு என்னும் பெயர் கேட்ட அளவில் அது தீதென்று துணிதல் கூடாது என்கின்றது. அதற்கு அவ்வுரை காட்டும் உவமை வியக்கத்தக்கது. சுற்றத்தாரோடு பிணங்கிய ஒருத்தி நஞ்சுண்டு மாயக் கருதி, அந்நஞ்சைக் கூட்டி வைத்து, தடுப்பார் இல்லாத வேளையை நோக்கி இருந்தாள். அருளுடையான் ஒருவன் அதனை அவள் அறியாமே எடுத்துச் சென்று கொட்டிவிட்டான். அவளும் நஞ்சு காணாமையால் உயிர் பிழைத்தாள். அவன் செய்தது களவே, ஆயினும் அறமாயிற்று. ஆகலின், ஒளித்தல் என்னும் செயலைக் கொண்டே ஒன்றை இழிவென்று முடிவு செய்தல் பொருந்தாது. யாது கருதி, எவர்க்கு யாது விளைய ஒளித்தோம் என்பதே நோக்கத்தக்கது. இக்கருத்தை வகுப்பில் கேட்டு, ஏட்டில் எழுதி, தேர்விலும் விடையாக எழுதினேம். எனினும், எம் இழுப்பறைக்கு அதனைப் பொருத்திப் பார்க்க ஓராண்டு சென்றது.

நிற்க. யாம் நாவலை ஒளித்தது எதற்காக? பாவம் என்று அஞ்சியா? அன்று. தேர்வு கெடும் என்றா? அதுவும் அன்று, மதிப்பெண் குறைந்திலது. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் இத்தகைய நூல் படித்தல் தகுதியன்று என்னும் எண்ணமே எம்மை ஒளிக்கச் செய்தது. எம் நாணம் அறத்தின்பாற் பட்டதன்று, வரிசையின்பாற் பட்டது. எம்மினும் தாழ்ந்தோர் படிப்பன இவை என்று யாம் உள்ளூர எண்ணினேம். அவர்களோடு ஒருவராக எண்ணப்படுவோமோ என்பதே எம் அச்சம். இதனை எழுதும்போது எம் கை கூசுகின்றது. ஏனெனில், யாம் தாழ்ந்தோர் என்று எண்ணிய அக்கூட்டத்தில் முதலில் நின்றவர் எம் பாட்டியார்.

எம் பாட்டியார் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். மணமாகி அம்பத்தூருக்கு வந்தபின், அங்கு 1964-இல் தோன்றிய தொழிற்பேட்டையில், ஆயத்த ஆடை தைக்கும் கூடமொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தார். பகலுணவு வேளையில் பெண்கள் பலர் கூடி ஒரு மாத நாவலைக் காசு போட்டு வாங்கி, ஒருவர் படிக்க ஏனையோர் கேட்பராம். படிப்பவர் பெரும்பாலும் எம் பாட்டியாரே. கதை படித்தலை எம் பாட்டனார் விரும்பார். ஆதலின் அந்நூல்களை அரிசி டிரம்முக்குள் வைத்து, எல்லாரும் உறங்கியபின் எடுத்துப் படிப்பார். விடியலில் வேதம், இரவில் நாவல். இவ்விரண்டுமே அவர் கற்ற பள்ளி. எமக்கு அகரம் கற்பித்தவரும் அவரே. ஒரு சொல்லை எழுத்துக் கூட்டாமல் ஒருமிக்கப் படிக்க வேண்டும் என்று எம் விரலைப் பிடித்துக் காட்டியது அந்நாவல்களின் பெரிய எழுத்துத் தலைப்புகளின் மேலேதான்.

யாம் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், இலக்கியம் இன்னது, இலக்கியம் அல்லாதது இன்னது என்று புதிதாகக் கற்ற செருக்கோடு ஒருநாள் வீடு வந்தேம். பாட்டியார் கட்டிலருகே அடுக்கியிருந்த நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்களைக் கண்டு, "ஆயா, இவையெல்லாம் குப்பை, வீட்டில் வைத்திருத்தலும் இழிவு" என்று உறவினர் சிலர் கேட்பக் கூறினேம். அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. அவ்வாரத்திலேயே பழைய பேப்பர்க்காரரை அழைத்து, அவ்வளவையும் தராசில் இட்டு விற்றுவிட்டார். பெற்ற பணத்தை எம் கையில் தந்து, "உன் சீசன் டிக்கெட்டுக்கு வச்சுக்கோ, கண்ணு" என்றார். யாம் வாங்கிக்கொண்டேம். அச்சீசன் டிக்கெட்டைக் கொண்டு யாம் ஏறிய வண்டியிலேயே, ஆறு திங்கள் கழிந்தபின், அவர் விற்ற நூல்களைப் போன்றவற்றை அட்டையிட்டுக் களவிற் படிக்கத் தொடங்கினேம் என்பதை அன்பர்கள் உணர்வார்களாக. அகுஸ்தீனார் திருடிய பேரிக்காய்க்கு நிகரானது எம் வாழ்வில் ஒன்று உண்டெனின் அது இதுவே. நாவல் படித்தது அன்று எம் குற்றம். பிறருடைய இன்பத்தைப் பறித்து, அதனையே யாம் ஒளித்து நுகர்ந்தது எம் குற்றம்.

ஒரு காலத்தார் குப்பை என்றதை மற்றொரு காலத்தார் பாடமாகக் கற்றல் உலகியல்பு. நாவல் என்னும் வடிவமே தமிழுக்குப் புதியதாக இருந்தபோது, கிறித்தவராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. இன்று அது முதல் தமிழ் நாவல் என வகுப்புகளிற் கற்பிக்கப்படுகின்றது. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜே.ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாள், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா, ஆரணி குப்புசாமி முதலியாரின் மொழிபெயர்ப்புகள் என மருமக் கதைகள் பெருகின. மேனகா 1935-இல் திரைப்படமாகவும் வந்தது. பள்ளிக்கல்வி இல்லாத வை.மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, ஜகன்மோகினி என்னும் இதழையும் நடத்தினார். நம் காலத்தில் இராஜேஷ்குமார் எழுதியவை ஆயிரத்தைந்நூற்றுக்கு மேல் என்பர். 2008-இல் இத்தகைய கதைகள் சில தொகுக்கப்பட்டு ஆங்கிலத்திலும் வெளியாயின. இவற்றால் எழுத்தறிவு பெற்றோர், பெற்றதை மறவாமற் காத்தோர் எம் பாட்டியாரைப் போல் எத்துணையர்!

இவ்வாறு கூறுதலால், துப்பறியும் நாவலும் குறுந்தொகையும் ஒரு தட்டில் நிற்கத்தக்கன என்று வழக்காட வந்தேம் என அன்பர்கள் கருதற்க. குறுந்தொகைச் செய்யுள் ஒன்றைப் பத்துமுறை படிப்பின் பத்துமுறையும் புதிதாய் ஒன்று தருகின்றது. நாவலில் கொலைஞன் இன்னான் என்று அறிந்தபின் மீண்டும் படிக்க எமக்கு மனம் எழுவதில்லை. இவ்வேறுபாடு மெய்யே, அதனை மறைத்தல் கற்றார்க்கு அழகன்று. விருந்து வேறு, முறுக்கு வேறு. ஆயினும், முறுக்குத் தின்பதை ஒளிப்பவன் விருந்தின் பெருமையை வளர்த்தான் ஆகான். முறுக்குச் சுட்ட கையை இகழ்ந்தான் ஆவான்.

இனி, யாம் ஒருபோதும் ஒளியாத இன்பம் ஒன்றைக் கூறவேண்டும். முன்னர்க் கூறிய நண்பர்களும் யாமும் தத்தம் களவுகளுக்கு நாணி நகைத்த அதே மாலையில், வண்டிக்குக் காத்திருந்த வேளையில், ஒவ்வொருவரும் கைப்பேசியை எடுத்துக் குறுங்காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினோம். எவரும் அட்டையிட்டு மறைக்கவில்லை. எவரும் நாணவில்லை. சென்ற ஆண்டில் ஓர் இரவு, பத்து மணிக்கு ஒன்றே ஒன்று என்று தொடங்கிய யாம், ஒரு மணி கடந்தபின் கைப்பேசியை வைத்தேம். மறுநாள் காலை எண்ணிப் பார்த்தபோது, கண்டவற்றுள் ஒன்றும் நினைவில் இல்லை. அகுஸ்தீனாரின் பல்லியாவது ஈயைப் பிடித்தபின் அகன்றிருக்கும். எம் பல்லி அகல்வதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்திற்குச் செல்லப் பொத்தானை அழுத்த வேண்டிய நிலை முன்னாளில் இணையத்தில் இருந்தது. அழுத்துமுன் ஒரு கணம் ஓய்வு. அக்கணத்தில் எழுந்து செல்லவும் கூடும். 2006-ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், இழுக்க இழுக்க முடிவின்றி வந்துகொண்டேயிருக்கும் பக்கத்தை அமைத்தார். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த திங்களே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. கடை மாறிற்று, வேட்கை மாறவில்லை. மாத நாவலின் இறுதிப் பக்கத்திலோ, 'முற்றும்' என்று ஒரு சொல் அச்சிடப்பட்டிருக்கும். அச்சொல்லைக் கண்டதும் மூடி வைத்து உறங்கலாம். எளிய அச்சொல்லின் அருமையைக் கைப்பேசியின் முன் இழந்த இரவுகளே எமக்கு உணர்த்தின.

ஆகவே, யாம் கண்ட முடிவு இது: நாணத்தக்கதற்கு நாணாமலும், நாண வேண்டாததற்கு நாணியும் நாம் வாழ்ந்து வருகின்றோம். நம் நாணம் அறத்தை நோக்கிப் பிறப்பதில்லை. பிறர் நம்மை எவ்வரிசையில் வைப்பர் என்பதை நோக்கிப் பிறக்கின்றது. எல்லாரும் செய்வது எதுவாயினும் அது வெளிப்படையாக நிகழ்கின்றது. தாழ்ந்தோர் செய்வதென்று எண்ணப்படுவது எதுவாயினும் அது ஒளிக்கப்படுகின்றது. இந்நிலை மாறவேண்டுமாயின், நம் சிறு வேட்கைகள் ஒவ்வொன்றையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இதற்கு ஒரு முடிவு உண்டா? இதற்காக வேறொருவர் விலை கொடுக்கின்றனரா? நாம் அன்பு செய்வார் ஒருவரிடம் இதனைச் சொல்ல இயலுமா?

பாடகர் தோழியாரின் குத்துப்பாட்டு இம்மூன்றிலும் தேறும். அவர் குளியலறைக் கதவைத் திறந்து பாடலாம். பூந்தமல்லி நண்பர் நின்று பாராமல் அன்னையார் பக்கத்தில் அமர்ந்தே பார்க்கலாம்; அன்னையார்க்கு அதனினும் மகிழ்ச்சி வேறில்லை. பிரியாணி நண்பரின் நிலை சற்றுக் கடினமானது. லெந்து நாட்களில் புலால் தவிர்த்தல் தந்தையாரின் நோன்பு. மகனார் அந்நோன்பை மனமொப்பி ஏற்றவர் அல்லர். ஏலக்காய் மென்று அவரை ஏமாற்றுதலினும், தமக்கு அந்நோன்பில் மனம் செல்லவில்லை என்று அவரிடம் கூறுதலே நேர்மை. அதற்குச் சிறிது அஞ்சாமை வேண்டும். எம் கைப்பேசியோ முதல் வினாவிலேயே தோற்றது. ஆதலின் இரவு பத்து மணிக்குமேல் அதனை அடுக்களை அலமாரியில் வைத்துவிடுகின்றேம். வாரத்தில் இரண்டு நாள் தவறுகின்றேம் என்பதையும் ஒளியாமற் கூறுகின்றேம்.

அகப்பொருளில் களவு என்றும் களவாகவே நிற்பதில்லை. அலர் எழுந்தபின், தோழி அறத்தொடு நின்று, மறைந்திருந்த அன்பைச் செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். பின்னர் அது ஊரறிந்த கற்பு வாழ்வாக மலரும். எம் சிறு களவுக்கும் அத்தகைய நாள் ஒன்று வந்தது. நீரிழிவு நோயால் எம் பாட்டியாரின் கண்ணொளி இவ்வாண்டில் மிகக் குன்றிவிட்டது. பெரிய எழுத்து வேதாகமமும் அவருக்குப் புலப்படவில்லை. ஓர் இரவு சங்கீதம் ஒன்றை அவருக்குப் படித்துக் காட்டிய பின்னர், எம் அறைக்குச் சென்று, இழுப்பறையைத் திறந்து, பழுப்பு அட்டையைக் கிழித்தெறிந்து, அந்நாவலோடு அவர் கட்டிலருகே வந்து அமர்ந்தேம். யாது நூல் என்று வினவினார். இன்னது என்றேம். பதினாறு திங்களாகப் படித்து வருவதையும், அன்று அவரை இகழ்ந்தது பிழை என்பதையும் கூறினேம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எந்தப் பக்கத்துல இருக்க? முதல்ல இருந்து படி" என்றார். படித்தேம். ஐந்தாம் அத்தியாயத்திலேயே, கொலை செய்தவன் மருத்துவனின் தம்பிதான் என்று கூறிவிட்டார். யாம் நம்பவில்லை. இறுதியில் அவன்தான். எங்ஙனம் அறிந்தீர் என்று கேட்டதற்கு, இறந்தவனுக்காக எல்லாரினும் மிகுதியாக அழுதவன் அவனே என்றார்.

அன்று முதல் இரவுதோறும் சங்கீதம் ஒன்று, நாவலில் இருபது பக்கம் என்று எம் இல்லத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. அவர் விற்ற நாற்பது நூல்களை மீண்டும் தேடி வாங்க முயல்கின்றேம். இதுகாறும் ஒன்பது கிடைத்துள்ளன. அவருக்கு அவற்றின் கதை முழுதும் நினைவிருப்பதால், கொலைஞன் யாரென்று முன்னரே சொல்லக் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றேம். அவர் அதனைப் பெரும்பாலும் மீறிவிடுகின்றார்.

அன்பர்காள்! உங்கள் இழுப்பறைகளிலும் அரிசி டிரம்களிலும் யாதேனும் ஒன்று ஒளிந்திருத்தல் கூடும். அதனை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தீதெனின் விட்டுவிடுங்கள். தீதன்றெனின், அதனை உங்களுக்கு முன்னரே விரும்பி, உங்கள் சொல்லுக்கு அஞ்சி விட்டுவிட்டவர் வீட்டில் எவரேனும் உளரோ என்று ஒருமுறை நோக்குங்கள். உளராயின், இன்றிரவே அவர் அருகில் சென்று அமர்ந்து, முதற்பக்கத்தினின்று தொடங்குங்கள்.